வெளிநாட்டுக் கருத்தரங்கா, ஆய்வேடா: கடைசி ஆண்டில் போட வேண்டிய கணக்கு

முனைவர் பட்ட ஆய்வின் ஐந்தாம் ஆண்டில் இருக்கும் மாணவர்கள் நெறியாளரிடம் கொண்டுவரும் கேள்விகளில், "வெளிநாட்டுக் கருத்தரங்கில் என் கட்டுரையை ஏற்றுக்கொண்டிருக்கிறார்கள், போகலாமா ஐயா?" என்பதற்குப் பதில் சொல்வதுதான் கடினம். அந்த மகிழ்ச்சியைக் கெடுக்க யாருக்கும் மனம் வராது. ஆனாலும், ஆய்வேட்டில் எத்தனை இயல்கள் எழுதி முடிந்திருக்கின்றன, உதவித்தொகை எந்த மாதத்தோடு நிற்கிறது என்ற இரண்டையும் கேட்காமல் நான் பதில் சொல்வதில்லை.

தேசியத் தகுதித் தேர்வான நெட்டில் ஜே.ஆர்.எஃப். என்னும் இளநிலை ஆய்வு உதவித்தொகை பெற்றவருக்கு 2023 ஜனவரியிலிருந்து, தொடக்கத்தில் மாதம் 37,000 ரூபாயும் இரண்டாண்டுகளுக்குப் பின் 42,000 ரூபாயும் கிடைக்கின்றன. மொத்தக் காலம் ஐந்தாண்டுகள்தான். பல்கலைக்கழக மானியக் குழுவின் 2022 ஒழுங்குமுறைகளோ பட்டத்தை முடிக்க ஆறாண்டுகள் வரை இடம் கொடுக்கின்றன. இடையிலுள்ள இந்த ஓராண்டில்தான் பலர் விடுதிக் கட்டணத்துக்காகத் தனியார் கல்லூரியில் வகுப்பெடுக்கப் போய், எழுத்தைத் தள்ளிப்போட்டு, கடைசியில் மறுபதிவுக்கு விண்ணப்பிக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களில் நெட் அல்லாத உதவித்தொகையான மாதம் 8,000 ரூபாயை நம்பி இருப்பவருக்கோ, ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசாவின் 90 யூரோ கட்டணமே ஒரு மாதத் தொகையைத் தாண்டிவிடுகிறது. விசா மறுக்கப்பட்டாலும் அது திரும்பி வராது.

பயண நல்கை இருக்கிறதே என்பார்கள். நல்கைகள் பெரும்பாலும் போய்வந்த பிறகு, ரசீதையும் போர்டிங் பாஸையும் பார்த்துத்தான் தரப்படுகின்றன. அதுவரைக்குமான விமானக் கட்டணம் கிரெடிட் கார்டிலிருந்தோ, அம்மாவின் நகையை அடகு வைத்தோ வருகிறது. அந்த வட்டியை எந்த நல்கையும் ஈடுசெய்வதில்லை.

பணத்தைவிடக் காலம்தான் அதிகம் போகிறது. நான்கு நாள் கருத்தரங்குக்கு விசா நேர்காணல், வங்கிக் கணக்கு அறிக்கை, 30,000 யூரோ வரை மருத்துவச் செலவை ஏற்கும் பயணக் காப்பீடு, பல்கலைக்கழகத்தின் தடையின்மைச் சான்று என்று ஓடியபின், எழுதிக்கொண்டிருந்த இயலுக்குத் திரும்ப ஒரு மாதமாவது ஆகும். இவ்வளவுக்கும் பிறகு, மதிய உணவுக்குப் பின் பல அறைகளில் ஒரே நேரத்தில் நடக்கும் இணை அமர்வுகளில் ஒன்றில், அடுத்துப் பேசக் காத்திருப்பவர்களும் அமர்வுத் தலைவரும் மட்டுமே இருக்கும் அறையில் பதினைந்து நிமிடம் பேசிவிட்டு வருபவர்களும் உண்டு. எந்தத் தலைப்பில் சுருக்கம் அனுப்பினாலும் இரண்டே நாளில் ஏற்பு மின்னஞ்சலும் கட்டண இணைப்பும் அனுப்பும் வணிகக் கருத்தரங்குகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.

இரண்டு கருத்தரங்குகளில் கட்டுரை வாசித்திருக்க வேண்டும் என்ற 2016 விதி 2022 ஒழுங்குமுறைகளில் இல்லை. ஆனால் சில பல்கலைக்கழகங்கள் தம் சொந்த விதியாக அதை வைத்திருக்கின்றன என்பதால், சான்றிதழுக்காகப் பயணம் போடுமுன் உங்கள் ஆய்வுப் பிரிவில் எழுத்துபூர்வமாகக் கேட்டுக்கொள்ளுங்கள். விதி இருந்தாலும் அருகிலுள்ள ஊரில் வாசித்தே அதை நிறைவு செய்ய முடியும்.

எல்லோரையும் போகாதே என்று நான் சொல்வதில்லை. தரவு கையில் இருந்து, வாதம் இன்னும் இறுகாத இரண்டாம், மூன்றாம் ஆண்டுகளில் கிடைக்கும் ஒரு நல்ல கேள்வி ஆய்வின் போக்கையே திருத்திவிடும். கடைசி ஆண்டிலும், வாசிக்கப்போகும் கட்டுரை எழுத வேண்டிய இயலாகவே இருந்து, அத்துறையில் நீங்கள் மேற்கோள் காட்டும் அறிஞர்கள் அங்கே இருப்பார்கள் என்றால், கடன் வாங்காமல் முடியும் பட்சத்தில் போகச் சொல்வேன். ஆய்வேட்டில் இடமில்லாத புதிய தலைப்பு என்றால் வேண்டாம் என்பேன்.

போகவில்லை என்று முடிவெடுத்தால், இணையவழியில் வாசிக்க இயலுமா என்று ஏற்பாட்டாளரிடம் கேளுங்கள். இயலாதென்றால் நிகழ்ச்சி நிரல் இறுதியாகுமுன்பே விலகல் கடிதத்தை அனுப்பிவிடுங்கள். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.