வசந்தகாலக் கற்றல் மூலைகள்: பணம் போக வேண்டிய இடம் சுவர் அல்ல

வசந்தகாலம் என்றதும் வகுப்பறைச் சுவர்களில் காகிதப் பூக்கள் பூத்துவிடும். தெர்மாகோல் மேகம், மினுமினுப்புத் தூள் தூவிய வானவில், கூரையிலிருந்து தொங்கும் வண்ணத்துப்பூச்சிகள். பார்க்க அழகுதான். ஆனால் கையில் இருக்கும் சின்னத் தொகையில் பெரும்பங்கு அந்தச் சுவருக்கே போய்விடுகிறது. பிள்ளைகள் எடுத்துச் செய்து பார்க்க மிஞ்சுவது, நகலெடுத்த வண்ணம் தீட்டும் தாள் ஒன்றுதான். 1 முதல் 3-ஆம் வகுப்பு வரை உள்ள பிள்ளைகளுக்குக் கற்றல் மூலை, அதாவது சிறு குழுவாக உட்கார்ந்து ஒரு செயல்பாட்டைத் தாங்களே செய்து பழகும் இடம், அமைக்கும்போது, கைக்கு எட்டாத உயரத்தில் இருக்கும் எதற்கும் செலவழிக்காதீர்கள். இந்த ஒரு கட்டுப்பாட்டிலேயே பாதிச் செலவு குறைந்துவிடும்.

மீதிச் செலவு குறைய, பருவத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிட்டு, எந்தத் திறனுக்காக மூலை என்பதை முடிவு செய்ய வேண்டும். 10-க்குள் எண்சேர்க்கை, உயிர்மெய் வாசிப்பு, நீளம் ஒப்பிடுதல், சமச்சீர் என்று ஒரு மூலைக்கு ஒரு திறன் போதும். அந்தத் திறனுக்கான சட்டகத்தை அட்டையிலும் மூடியிலும் உறுதியாக ஒருமுறை செய்துவிட்டால் ஆண்டு முழுவதும் உழைக்கும். பூவும் கூடும் முட்டையும் அதன் மேல் வைக்கும் அட்டைகளில் மட்டும் இருக்கட்டும். பருவம் மாறும்போது அட்டையை மட்டும் மாற்றினால் போதும்.

எத்தனை மூலைகள் என்பதிலும் பலர் தேவைக்கு மேல் உழைக்கிறார்கள். 28 பிள்ளைகள், மூலைக்கு 4 பேர் என்றால் 7 இடங்கள் வேண்டும். அதற்காக 7 வகை செயல்பாடுகள் செய்யத் தேவையில்லை. 4 வகை செய்து, அதில் 3 வகைகளுக்கு இரண்டு தொகுப்பு வைத்தால் கணக்குச் சரியாகிவிடும். ஒரு மூலைக்கு 4 பேருக்கு மேல் போனால் நான்கு பேர் செய்வார்கள், மற்றவர்கள் வேடிக்கை பார்ப்பார்கள். பிறகு சத்தம் வரும்.

எண்மூலை

30 முட்டை வைக்கும் அட்டைத் தட்டில் ஒரு பக்கம் 5, மறுபக்கம் 6 குழிகள் இருக்கும். ஐந்து குழிகள் கொண்ட வரிசைகளை இரண்டிரண்டாக வெட்டினால் பத்து வரை எண்ணி அடுக்க, 10 குழிகள் கொண்ட சட்டங்கள் மூன்று கிடைக்கும். 12 முட்டைப் பெட்டியானால் ஒரு முனையில் 2 குழிகளை நறுக்கிவிட்டால் போதும். கூழ் அட்டையைக் கழுவ முடியாது, நனைந்தால் ஊறிவிடும். அதனால் முட்டை உடைந்த கறையுள்ள தட்டை எடுக்கவே கூடாது. கறையில் கிருமி இருக்கலாம் என்பதோடு, முட்டை ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்கும் அது ஆபத்து. சந்தேகம் இருந்தால் பழைய அட்டைப்பெட்டியில் 5-க்கு 2 கட்டம் வரைந்துகொள்ளலாம். குழியில் வைக்கும்போது மூடி நழுவாது என்பது ஒன்றுதான் தட்டில் கூடுதல் வசதி.

எண்ணுவதற்குத் தண்ணீர் பாட்டில் மூடிகள் போதும். மூடிக்கு வண்ணம் அடிக்க வேண்டாம். பிளாஸ்டிக்கில் பெயின்ட் பிடிக்காமல் ஒரே வாரத்தில் செதில் செதிலாக உரியும். உட்பக்கத்தில் பூ வரைந்த வட்டக் காகிதத்தை ஒட்டிவிடுங்கள். ஒரு பக்கம் மொட்டு, திருப்பினால் பூ. இப்படி ஒரு பிள்ளைக்கு 10, மூலைக்கு 40 மூடிகள். குலுக்கிப் போட்டு, எத்தனை மலர்ந்தன, எத்தனை மொட்டாகவே இருக்கின்றன என்று சட்டத்தில் அடுக்கி எழுதினால், 10-இன் சேர்க்கைகள் ஒவ்வொன்றாக வரும். இரண்டு வண்ண மூடிகள் தேடி அலையவும் வேண்டாம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. 5-5, 6-4, 4-6 இவைதான் திரும்பத் திரும்ப விழும். 9-1 எப்போதாவது வரும், 10-0 வருவதே அபூர்வம். வராததைப் பிள்ளைகள் சேர்க்கையாகவே கருதுவதில்லை. பதிவுத் தாளில் 0 முதல் 10 வரை 11 வரிகளை முன்கூட்டியே போட்டு வைத்தால், கடைசியில் காலியாக இருக்கும் வரிகளைப் பார்த்து அவர்களே மூடியைக் கையால் திருப்பி நிரப்புவார்கள்.

மொழிமூலை

வட்டமாக வெட்டிய அட்டையைப் பாதியாக மடித்து, அதை மூன்றாக மடித்து, மறுபடி பாதியாக மடித்துப் பிரித்தால் 12 சமபாகங்கள். பன்னிரண்டு உயிருக்கு 12 இதழ்கள். நடுவில் ‘ம்’ எழுதிய மூடி. பிள்ளை ‘ம்’ என்று நடுவைத் தொட்டு, ‘ஈ’ என்று இதழைத் தொட்டு, சேர்த்துச் சொல்லி ‘மீ’ அட்டையை இதழில் வைக்க வேண்டும். நடுமூடியை மாற்றினால் அடுத்த வரிசை. 1-ஆம் வகுப்பின் தொடக்கத்தில் 12-ஐயும் கொடுக்காதீர்கள்; அ, ஆ, இ, ஈ, உ, ஊ போதும், மீதி இதழ்களை மடித்து வைக்கலாம்.

அட்டையைச் சேமிக்கிறோம் என்று மெய்யைத் தனியாகவும், துணைக்கால், கொம்பு, சங்கிலிக்கொம்பைத் தனித்தனியாகவும் வெட்டி வைக்கும் வழக்கம் இருக்கிறது. இது 6 வயதுக்கு ஏற்றதல்ல. ‘மெ’ என்பதில் காதில் முதலில் கேட்பது ம். கண்ணுக்கு முதலில் தெரிவது கொம்பு. கேட்ட வரிசையிலேயே பிள்ளை அடுக்கும், கொம்பு வலப்பக்கம் போகும். ‘மொ’ வந்தால் குழப்பம் இரட்டிப்பாகும். எழுத்தை முழுமையாக எழுதிய அட்டைகளே கொடுங்கள். குறிகளைப் பிரித்துச் சேர்ப்பதை 2-ஆம் வகுப்பில் வைத்துக்கொள்ளலாம்.

2, 3-ஆம் வகுப்புகளுக்கு ல, ள, ழ என மூன்று பறவைக் கூடுகள். அதில் போட வேண்டிய சொற்களை வசந்தகாலமே தருகிறது: மலர், இலை, தளிர், முளை, மழை, இதழ். அட்டையில் படம் மட்டும் இருக்க வேண்டும், சொல் பின்பக்கம். பிள்ளை சொல்லிப் பார்த்துப் போட்டுவிட்டு, திருப்பிச் சரிபார்க்கும். நடுவில் ‘நிழல்’ அட்டை ஒன்றைச் சேர்த்துவிடுங்கள். ழ-வும் உண்டு, ல்-உம் உண்டு. அந்த ஒரு அட்டைக்கு நடக்கும் வாக்குவாதம் மற்ற அட்டைகள் மொத்தத்துக்கும் ஈடு.

விதைமூலை

வசந்தகால மூலைகளில் அதிகம் கெட்டுப்போவது இதுதான், அதற்குக் காரணம் பெரும்பாலும் தண்ணீர். விதை முளைக்க ஈரமும் காற்றும் மிதமான சூடும் வேண்டும். மூழ்கிய விதைக்குக் காற்று கிடைக்காது. அது அழுகும், மூன்றாம் நாள் வகுப்பே நாறும். வெளிச்சம் அதற்கு அப்போது தேவையே இல்லை. தெரியாமல் விதை போட்ட பையைச் சூரியன் நேராக விழும் ஜன்னலில் ஒட்டினால், மூடிய பை சூடேறி விதை வெந்துவிடும்.

செய்முறை: டிஷ்யூ தாள் ஒன்றை நான்காக மடித்து நனைத்து, சொட்டாத அளவுக்குப் பிழியுங்கள். ஜிப் கவரில் விரித்து வையுங்கள். கவரின் அடியிலிருந்து 5 செ.மீ. உயரத்தில் குறுக்காக 4, 5 ஸ்டேப்ளர் பின்கள் அடித்து, அந்த வரிக்கு மேல் இரவு முழுவதும் ஊறிய 4 விதைகளை வையுங்கள். விதை அடியில் விழாமல் பின்கள் தாங்கும். அடியில் ஒரு தேக்கரண்டி, அதாவது 5 மி.லி. தண்ணீர் மட்டும், டிஷ்யூ அதை மேலே இழுத்துக்கொள்ளும். தண்ணீர் மட்டம் பின் வரியைத் தொடக் கூடாது, தொட்டால் துளைகள் வழியே கசியும். மேல்வாயில் 2 செ.மீ. திறந்திருக்கட்டும். பஞ்சு வேண்டாம், வேர் அதில் பின்னிக்கொள்ளும், எடுக்கும்போது அறுந்துபோகும்.

இரண்டு வகை விதைகள் வைப்பது நல்லது. பயறு ஓரிரு நாளில் முளை காட்டும், காத்திருக்கத் தெரியாத வயதுக்கு அது தேவை. பீன்ஸ் மெதுவாக வரும், ஆனால் பெரியது. ஊறிய பீன்ஸைத் தோலுரித்து இரண்டாகப் பிளந்தால், பருப்புகளுக்கு இடையில் மடங்கிக் கிடக்கும் குட்டி இலைகளும் வேர்முனையும் கண்ணுக்கே தெரியும். ஒரு பூதக்கண்ணாடி இருந்தால் இன்னும் தெளிவு. விதைக்குள் ஒரு செடி படுத்திருக்கிறது என்று சொல்லித்தர வேண்டியதில்லை, பார்த்துக்கொள்வார்கள்.

அளப்பதற்கு ஸ்கேல் தராதீர்கள். 6 வயதுப் பிள்ளை விளிம்பிலிருந்தோ 1-இலிருந்தோ அளக்கும். அதற்குப் பதில், தினமும் பின் வரியிலிருந்து முளையின் உச்சி வரை ஒரு காகிதப் பட்டையை வெட்டி, தாளில் வரிசையாக ஒட்டச் சொல்லுங்கள். பட்டை வரைபடம் தானாக உருவாகிவிடும். விடுமுறை நாட்களுக்கு இடைவெளி விட்டு ஒட்ட வேண்டும். இல்லாவிட்டால் திங்கட்கிழமை செடி திடீரென்று குதித்து வளர்ந்ததாகத் தெரியும். 3-ஆம் வகுப்பானால் இன்னொன்றும் செய்யலாம். வேர் 2 செ.மீ. நீண்டதும் பையில் தேங்கிய நீரை வடித்துவிட்டுப் பக்கவாட்டில் திருப்பி ஒட்டுங்கள். ஓரிரு நாளில் வேர்நுனி கீழ்நோக்கி வளைந்திருக்கும்.

விதையில் கவனிக்க வேண்டிய ஆபத்துகள் சில. விதைப்புக்கென்று விற்கும் விதைகளில் சிவப்பு, பச்சை, நீலப் பூச்சு இருந்தால் அது பெரும்பாலும் பூச்சி, பூஞ்சண மருந்து, தொடவே விடாதீர்கள். குன்றிமணி அழகாக இருக்கிறதென்று எண்ணுவதற்கு வைப்பார்கள். அது கடும் நஞ்சு. ஆமணக்கு விதையும் அப்படியே. பூக்களை ஆராயக் கொண்டுவரச் சொன்னால் அரளி வந்து சேரும், அதன் எல்லாப் பாகங்களும் நஞ்சு. மூக்கிலோ காதிலோ விதை போய்விட்டால் ஆசிரியர் தோண்டி எடுக்க முயலக் கூடாது. ஈரம் பட்டு விதை ஊதும், தோண்டினால் உள்ளே போகும்; உடனே மருத்துவரிடம்தான் அனுப்ப வேண்டும்.

வண்ணத்துப்பூச்சிமூலை

முட்டை, புழு, கூட்டுப்புழு, வண்ணத்துப்பூச்சி என்று நான்கு படங்களை நேர்கோட்டில் அடுக்கச் சொல்வது வழக்கம். வட்ட அட்டையில் அம்புக்குறிகளோடு அடுக்கச் சொல்லுங்கள். கோட்டில் அடுக்கினால் கதை நான்காம் படத்தோடு முடிந்துவிடுகிறது, முட்டை எங்கிருந்து வந்தது என்ற கேள்வியே எழாது. விற்பனைக்கு வரும் படங்களில் பட்டு நூல் சுற்றிய கூட்டிலிருந்து வண்ணத்துப்பூச்சி வெளிவருவதாக இருக்கும். அப்படி நூற்கூடு கட்டுவது அந்துப்பூச்சி வகைகள். பெரும்பாலான வண்ணத்துப்பூச்சிகளின் கூட்டுப்புழு வெறும் உறையோடு தொங்கும். படம் வாங்குவதைவிட வரைந்துகொள்வது மலிவு, பிழையும் இராது. ஆறு கால்களும் மார்புப் பகுதியிலிருந்தே வர வேண்டும்.

சமச்சீருக்கு: அட்டை நடுவில் ஒரு கோடு, இருபுறமும் 4-க்கு 4 கட்டம். ஒருவர் ஒரு சிறகில் மூடிகளை வைக்க, எதிரில் இருப்பவர் மறு சிறகை நிரப்ப வேண்டும். ஏறக்குறைய எல்லாப் பிள்ளைகளும் முதலில் அப்படியே நகலெடுப்பார்கள். இடது ஓரத்தில் இருந்தது இங்கும் இடது ஓரத்தில் போகும். “தப்பு” என்று திருத்துவதால் பயனில்லை. நடுக்கோட்டை ஒட்டிய மூடியிலிருந்து தொடங்கி, கோட்டிலிருந்து எத்தனையாவது கட்டம் என்று எண்ணச் சொன்னால் பிடிபட்டுவிடும்.

மழையை அளக்க ஒரு பாட்டிலை மழைமானியாக வைப்பதானால் ஒரே ஒரு எச்சரிக்கை: பாட்டிலின் பக்கங்கள் நேராக இருக்க வேண்டும், அடிக்குழிவு மறையும் வரை கூழாங்கல்லும் நீரும் போட்டு அங்கே 0 கோடு போட வேண்டும்.

அட்டைகள், அடுக்கு, நேரம்

லேமினேஷனுக்குப் பதில் அகலமான ஒட்டுநாடா போதும். இருபுறமும் ஒட்டி, ஓரத்தில் 3 மி.மீ. நாடா வெளியே நீட்டியிருக்கும்படி வெட்டினால் ஈரம் புகாது; அட்டையோடு ஒட்ட வெட்டினால் ஓரம் பிரிந்து வரும். அட்டையின் முனைகளை வட்டமாக நறுக்குங்கள், இல்லாவிட்டால் குத்தும். அழித்து எழுத வேண்டிய தாளை ஒளி ஊடுருவும் ஃபைல் கவரில் செருகி ஒயிட்போர்டு மார்க்கர் கொடுக்கலாம். அன்றன்றே துடைக்காவிட்டால் கறை பிடிக்கும்.

விடைக்குத் துணிக் கிளிப் மாட்டும் அட்டைகளில், சரியான விடையின் பின்புறம் ஒரு புள்ளி வைப்போம். மெல்லிய அட்டையில் மார்க்கர் மை முன்பக்கம் தெரிந்துவிடும். புள்ளியைத் தனிக் காகிதத்தில் வெட்டி ஒட்டுங்கள். கிளிப்பின் ஸ்பிரிங் கடினமாக இருந்தால் 5, 6 வயது விரலுக்கு அடங்காது, விடை தெரிந்தும் செய்ய மாட்டார்கள்.

செயல்முறையை வாக்கியமாக எழுதி ஒட்டாதீர்கள். இன்னும் வாசிக்கத் தெரியாதவர்களுக்காகத்தானே மூலை! மூன்று படங்கள் போதும்: எடு, செய், பதிவு செய். இதைத் தவறவிட்டால் ஆசிரியர் எல்லா மூலைகளுக்கும் ஓடி ஓடி விளக்க வேண்டியிருக்கும், உட்கார்ந்து நாலு பேரின் வாசிப்பைக் கேட்க நேரமே கிடைக்காது.

எல்லா மூலைகளையும் ஒரே நாளில் திறப்பது பெரும்பாலான வகுப்புகளில் தோல்விக்குக் காரணம். ஒரு நாளைக்கு ஒன்று, எடுப்பதையும் திரும்ப வைப்பதையும் எல்லாரும் செய்து பழகிய பிறகே அடுத்தது. ஒரு குழு ஒரு மூலையில் இருக்கும் சுற்றுக்கு 1-ஆம் வகுப்பில் 10 நிமிடம், 3-ஆம் வகுப்பில் 15. முன்னதாக முடிப்பவர்கள் வேறு மூலைக்குப் போக அனுமதித்தால் அரைகுறையாக முடித்துவிட்டுக் கிளம்புவார்கள். அதே மூலையில் ‘இன்னும் ஒன்று’ என்று ஓர் உறையில் கூடுதல் அட்டைகள் வையுங்கள்.

ஒவ்வொரு மூலைக்கும் ஒரு செருப்புப் பெட்டி. மூடியின் மேல் உள்ளே இருக்க வேண்டிய பொருட்களின் படமும் எண்ணிக்கையும்: மூடி 40, சட்டம் 4, பென்சில் 4. எடுத்து வைக்கும்போது பிள்ளைகளே எண்ணட்டும். எல்லா அட்டைகளின் பின்னாலும் பெட்டிக்குரிய வண்ணத்தில் ஒரு பொட்டு வைத்துவிட்டால், தரையில் கிடக்கும் அநாதை அட்டை எந்தப் பெட்டியுடையது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. பருவம் முடிந்ததும் பூ அட்டைகளை உறையிலிட்டு எடுத்து வைத்து, அதே பெட்டியில் அடுத்த பருவத்துக்கான அட்டைகளைப் போடுங்கள். முட்டைத் தட்டுகள் நன்றாகக் காய்ந்த பிறகே அடுக்குக்குள் போக வேண்டும்.