உடும்புப் பிடியை விடவைக்கும் ஒரு சொல்

சமூக மன்றத் திடலில் போலிஸ் நாய்களின் செய்முறைக் காட்சி. கையில் தடித்த உறை மாட்டிய 'திருடன்' ஓட, பெல்ஜியன் மாலின்வா இன நாய் ஒன்று பாய்ந்து அந்தக் கையைக் கவ்வித் தொங்கியது. "மாத்தா நாய்க்கு என்ன கோபம் பாரேன்!" என்றார் அத்தை. போலிசை இன்னும் மாத்தா என்றே சொல்லும் தலைமுறை அவர்.

எனக்கு அது கோபமாகத் தெரியவில்லை. நாய் உறுமவே இல்லை.

சிங்கப்பூர்க் காவல்துறையில் நாய்ப் பிரிவு 1954ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. இங்கு மட்டுமல்ல, பொதுவாக எந்த ஊரிலும் கோபக்கார நாயை இந்த வேலைக்குச் சேர்ப்பதில்லை. கோபம் என்று நாம் நினைப்பது பெரும்பாலும் பயம்தான். பயந்த நாய் முன்பற்களால் கடித்து, விட்டு, மறுபடி கடிக்கும். அந்த நேரத்தில் யார் கூப்பிட்டாலும் அதன் காதில் விழாது. தைரியமான நாய் வாயை முழுக்கத் திறந்து, கடைவாய்ப் பற்கள்வரை உள்ளே வாங்கி, சத்தமில்லாமல் பிடிக்கும். பயிற்சியாளர்கள் முதலில் கவனிப்பதே இந்தப் பிடியைத்தான்.

இந்தப் பிடியின் வேர் வேட்டையில் இருக்கிறது. ஓநாயின் வேட்டை ஒரு சங்கிலி: உற்றுப்பார், பதுங்கு, துரத்து, கவ்வு, கொல். மனிதன் தலைமுறை தலைமுறையாக நாய்களைத் தேர்ந்து வளர்த்தபோது, இந்தச் சங்கிலியில் சில கண்ணிகள் பெருத்தன, சில தேய்ந்தன. ஆடு மேய்க்கும் பார்டர் கோலி நாய் பதுங்கித் துரத்துவதோடு நின்றுவிடும். மாலின்வாவுக்குத் துரத்துவதும் கவ்வுவதும்தான் உயிர்.

ஆகவே பாடம் ஒரு கந்தல் துணியில் ஆரம்பிக்கிறது. குட்டியின் முன்னால் துணியை இழுத்து ஆட்டுவார்கள். கவ்வினால் கொஞ்சம் இழுபறி, பிறகு குட்டிக்கே வெற்றி. துணி சணல் சாக்காகும், சாக்கு கையுறையாகும், கையுறை உடல் முழுவதையும் மூடும் உடையாகும். கடைசியில் சட்டைக்குள் மறைத்த மெல்லிய உறை. இல்லாவிட்டால் நாய் உறையை மட்டுமே தேடும், ஆளை விட்டுவிடும்!

கவ்வக் கற்றுக்கொடுப்பது இவ்வளவுதான். விடக் கற்றுக்கொடுப்பதில்தான் மாதக்கணக்கில் வியர்வை சிந்த வேண்டும்.

நாய்க்குக் கவ்விக்கொண்டிருப்பதே பரிசு. வாயில் இருக்கும் பரிசைவிடப் பெரிதாக எதைக் காட்டுவது? கோழித்துண்டைத் திரும்பியும் பார்க்காது. கழுத்துப்பட்டையைப் பிடித்து இழுத்தால் பிடி இன்னும் இறுகும். இரை திமிறுகிறது என்றுதான் அதற்குப் படும். உடும்புப் பிடி.

சூட்சுமம் இரையிடம் இருக்கிறது. அதிகாரி "விடு" என்கிறார். மறுநொடியே உறை அணிந்தவர் கல்லாகிவிடுகிறார். அசையாத இரையில் சுவை ஏது? நாய் தாடையைத் தளர்த்துகிறது. தளர்த்திய அந்த நொடியிலேயே உறைக்கு மறுபடி உயிர் வருகிறது, "பிடி!" சொல் முன்னால், அசைவின்மை பின்னால். இந்த வரிசை தவறக்கூடாது. பல நூறு முறை நடந்த பிறகு, 'விடு' என்ற சொல் ஆட்டம் முடிந்ததற்கு அல்ல, அடுத்த ஆட்டத்துக்கு அடையாளமாகிறது. அதிகம் விரும்பும் செயலைக் காட்டி, குறைவாக விரும்பும் செயலைச் செய்யவைக்கலாம் என்று உளவியலாளர் டேவிட் பிரிமாக் 1959இல் எழுதினார். சோற்றை முடித்தால்தான் கைத்தொலைபேசி என்று நம் வீடுகளில் நடப்பதும் அதே பேரம்தான்.

பல நாடுகளில் இந்தக் கட்டளைகள் ஜெர்மன், டச்சு மொழிகளில் இருக்கின்றன. குற்றவாளிக்குப் புரியக்கூடாது என்பதற்காக என்பார்கள். எனக்கு அதில் அவ்வளவு நம்பிக்கை இல்லை. நாய்களும் பயிற்சி முறையும் அந்த ஊர்களிலிருந்து வந்தன, சொற்களும் கூடவே வந்தன. பெல்ஜியத்தில் டச்சு பேசும் கென்ட் நகரம் 1899இலேயே போலிஸ் நாய்களைப் பழக்கத் தொடங்கிவிட்டது.

நம் ஊர் வெயில் இதில் ஒரு தனிச் சிக்கல். நாய்க்கு உடல் சூட்டைத் தணிக்கும் முக்கிய வழி, வாயைத் திறந்து மூச்சிரைப்பது. கையைக் கவ்வியிருக்கும் நாய்க்கோ வாய் அடைபட்டிருக்கிறது. காற்றில் ஈரப்பதம் கூடினால் நாக்கிலிருந்து நீர் ஆவியாவதும் குறைகிறது. இங்கே நண்பகலில் நீண்ட நேரம் கவ்வவிட்டால் நாய் மயங்கிச் சரியலாம். காலையிலோ இரவிலோ, சின்னச் சின்னச் சுற்றுகளாகப் பழக்குவதுதான் புத்திசாலித்தனம்.

இணையத்தில் இரண்டு காணொளி பார்த்துவிட்டு வீட்டு நாய்க்குக் கவ்வப் பழக்குகிறவர்களும் உண்டு. முதல் பாதியை மட்டும் கற்ற நாய் அவர்களிடம் இருக்கும். ஜெர்மன் ஷெப்பர்டும் மாலின்வாவும் இங்கே வெளியே வரும்போது வார்ப்பட்டையோடு வாய்ப்பூட்டும் போட்டிருக்க வேண்டும் என்பது சட்டம்.

காட்சி முடிந்தது. 'திருடன்' உறையைக் கழற்றி நாயிடமே கொடுத்துவிட்டார். அது அதைக் கவ்விக்கொண்டு, தலை நிமிர, திடலை ஒரு சுற்று சுற்றி வந்தது. பிறகு நேராக அவரிடம் போய் உறையை அவர் காலடியில் போட்டுவிட்டு, வாலை ஆட்டியபடி அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றது.

"மறுபடியும் மாட்டிக்கச் சொல்லுதா?" என்றார் அத்தை.