மழை நாள், சூடான காபி, காலடியில் நாய்: டீப்பாயைக் கொஞ்சம் கவனியுங்கள்

வடகிழக்குப் பருவமழை பிடித்துக்கொண்ட நாளில் வாந்தியோடு ஒரு நாய் எங்கள் கால்நடை கிளினிக்குக்கு வந்தால், "வெளியே எதையாவது தின்றதா?" என்பதோடு கேள்வி முடிவதில்லை. "நேற்று வீட்டில் என்ன பலகாரம்?" என்பதையும் கட்டாயம் கேட்போம். பள்ளிக்கூடம் லீவு, எல்லோரும் வீட்டில். அடுப்பில் டீ கொதிக்கிறது, வாணலியில் வெங்காயப் பக்கோடா பொரிகிறது. வாக்கிங் போகாத நாய் தெம்பு குறையாமல் கூடத்தைச் சுற்றிச் சுற்றி வருகிறது. லாப்ரடாரின் மூக்கும் நம் டீப்பாயும் கிட்டத்தட்ட ஒரே உயரம். அன்றைக்கு ஆபத்து தெருவில் தேங்கிய தண்ணீரில் மட்டும் இல்லை. அதனால் டம்ளரிலிருந்தே ஆரம்பிக்கலாம்.

டீ, காபி இரண்டிலும் இருப்பது கஃபீன். கோகோவில் இருப்பது தியோபுரோமின். இரண்டும் நெருங்கிய உறவுள்ள பொருள்கள்தான். நம் உடலில் தியோபுரோமின் பாதியாகக் குறைய 6 முதல் 10 மணி நேரம் போதும். நாய்க்கு ஏறக்குறைய 17 மணி நேரம் ஆகும். அதனால்தான் நமக்கு ஒன்றும் செய்யாத அளவு நாயின் இதயத்தைப் படபடக்க வைக்கிறது.

பால் கலந்த காபியை 25 கிலோ நாய் இரண்டு நக்கு நக்கிவிட்டால் பதற வேண்டாம். வயிறு கொஞ்சம் கலங்கலாம், அவ்வளவுதான். பெரும்பாலான வளர்ந்த நாய்களுக்குப் பால் சர்க்கரை சரியாகச் செரிக்காது. உண்மையான சிக்கல் மூன்று இடங்களில் இருக்கிறது: ஃபில்டரின் கீழ்ப்பாத்திரத்தில் மிச்சமிருக்கும் கெட்டி டிகாக்‌ஷன், குப்பைக்கூடையில் கொட்டிய காபி, டீச் சக்கை, அலமாரியிலிருந்து இழுத்துக் கிழித்த டீத்தூள் பாக்கெட். வறுத்த காபித்தூளில் கிராமுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் கஃபீன் உண்டு. டீத்தூளில் 20 முதல் 30. நாய்க்கு உடல் எடையில் கிலோவுக்கு 15 முதல் 20 மில்லிகிராமிலேயே அறிகுறி தொடங்கிவிடும். 10 கிலோ பக் இன நாய் ஒன்று 8 கிராம் டீத்தூளைத் தின்றாலே அந்த எல்லையைத் தொட்டுவிடலாம். எட்டு கிராம் என்பது நாலு டீஸ்பூன்தான். வடித்த சக்கையில் கஃபீன் குறைவு என்றாலும், பாலும் சர்க்கரையும் சேர்த்துக் கொதித்த டீச் சக்கையை நாய் ருசித்துத் தின்னும். அளவு அங்கேதான் கைமீறும்.

குழந்தைகளுக்குச் சூடாகக் கலக்கும் ஹாட் சாக்லேட்டில் கணக்கு இன்னும் கடுமை. சர்க்கரை சேர்க்காத கோகோ தூளில் கிராமுக்குச் சுமார் 20 மில்லிகிராம் தியோபுரோமின், டார்க் சாக்லேட்டில் சுமார் 5, மில்க் சாக்லேட்டில் சுமார் 2. உடல் எடையில் கிலோவுக்கு 20 மில்லிகிராம் போனால் வாந்தி, பேதி, நிலைகொள்ளாமல் அலைவது. 40-ஐத் தாண்டினால் இதயத் துடிப்பு தாறுமாறாகும். 60-ஐ நெருங்கினால் வலிப்பு வரலாம். 20 கிராம் கோகோ தூளை 10 கிலோ நாய் நக்கித் தீர்த்தால் கிலோவுக்கு 40 வந்துவிட்டது. காபி, டீ என்றால் ஓரிரு மணி நேரத்தில் தெரிந்துவிடும். சாக்லேட் அறிகுறி முழுதாகத் தெரிய 6 முதல் 12 மணி நேரம் ஆகலாம். "தின்று மூணு மணி நேரமாச்சு, நல்லாத்தானே இருக்கு" என்று காத்திருப்பதுதான் அடிக்கடி நடக்கும் தவறு. இன்னொன்று பலருக்குத் தெரியாது: சிறுநீர்ப்பையில் சேரும் கஃபீனும் தியோபுரோமினும் அங்கிருந்தே மறுபடி ரத்தத்துக்குள் உறிஞ்சப்படும். ஆகவே மருத்துவரிடம் போகும் வழியிலும் நாயை ஒன்றுக்குப் போக விடுங்கள். மழைக்குப் பயந்து அடக்க வைக்காதீர்கள்.

சுக்குக் காபி வேறு கதை. காபித்தூள் சேர்க்காமல் சுக்கு, மல்லி, மிளகு, கருப்பட்டி மட்டும் போட்டால் கஃபீன் பயம் இல்லை. ஆனால் மிளகும் சுக்கும் நாயின் வயிற்றை எரிக்கும், கருப்பட்டியும் அதற்குத் தேவையில்லை. ஜலதோஷத்துக்கென்று நாய்க்கு மஞ்சள் மிளகுப் பால் கொடுப்பதும் பேதியில் முடியலாம். பிராந்தி கலந்து ஊற்றுவது பழைய பழக்கம். தயவுசெய்து வேண்டாம். சாராயச் சத்து நாயின் உடல் சூட்டையும் ரத்தச் சர்க்கரையையும் இறக்கிவிடும். பாராசிட்டமாலும் இபுபுரூஃபனும்கூட நாய்க்கு ஆபத்துதான். உங்கள் மாத்திரை அட்டையிலிருந்து நாய்க்கு எதையும் கிள்ளிக் கொடுக்காதீர்கள்.

அப்படியானால் சூடாக அதற்கு என்னதான் கொடுப்பது என்று கேட்பீர்கள். கால் கிலோ கோழியை எலும்போடு ஒரு லிட்டர் தண்ணீரில் 40 நிமிடம் வேகவைத்து வடிகட்டுங்கள். உப்பு, வெங்காயம், பூண்டு, மசாலா எதுவும் கூடாது. ஃபிரிட்ஜில் வைத்து மேலே உறையும் கொழுப்பை எடுத்துவிட்டு, வெதுவெதுப்பாக்கி 10 கிலோ நாய்க்கு 50 முதல் 100 மில்லி கொடுக்கலாம். வெந்த எலும்பைப் போடாதீர்கள். சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தும். உப்பு, பச்சை மிளகாய், பெருங்காயம் போடாத நீர்மோரும் சில நாய்களுக்கு ஒத்துக்கொள்ளும். நாலைந்து ஸ்பூனில் தொடங்கிப் பாருங்கள். குளிர்ந்த நாளில் நாய் தண்ணீர் குடிப்பது குறையும். நாளுக்குக் கிலோவுக்கு 50 முதல் 60 மில்லி தேவை என்ற கணக்கில் கிண்ணத்தை அளந்து ஊற்றினால், எவ்வளவு குடித்தது என்பது உங்களுக்கே தெரியும்.

இனி தட்டு. வெங்காயத்தில் உள்ள கந்தகப் பொருள்கள் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும். உடல் எடையில் அரை சதவீதம் போனாலே பாதிப்பு வரலாம். 10 கிலோ நாய்க்கு அது 50 கிராம், அதாவது நடுத்தர வெங்காயம் ஒன்று. பொரித்தாலும் வேகவைத்தாலும் அந்த நஞ்சு போகாது. பூண்டு அதைவிட வீரியம். இதில் கொடுமை என்னவென்றால் அன்றைக்கு எதுவுமே தெரியாது. மூன்று நான்கு நாள் கழித்து ஈறு வெளுத்து, சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போய், நாய் படியேற முடியாமல் உட்காரும்போது பக்கோடாவை யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஞாபகப்படுத்திச் சொல்லுங்கள்; சிகிச்சையே அதைப் பொறுத்தது. எண்ணெய்ப் பலகாரம் கணையத்தையும் வீங்க வைக்கும். முன்கால்களை நீட்டிக் குனிந்து, பின்பக்கத்தைத் தூக்கி வைத்தபடி நின்றால் அது வயிற்று வலி.

பாயசத்திலும் கேசரியிலும் போடும் உலர்திராட்சை சில நாய்களின் சிறுநீரகத்தை ஓரிரு நாளில் செயலிழக்க வைக்கிறது. எந்த நாய்க்கு எவ்வளவு தாங்கும் என்று முன்கூட்டிச் சொல்லவே முடியாது. திராட்சையில் உள்ள டார்ட்டாரிக் அமிலம்தான் காரணமாக இருக்கலாம் என்று 2021 முதல் பேசப்படுகிறது. அந்த அமிலம் நம் புளியிலும் நிறைய உண்டு. எனவே ரசம் சாதம், புளியோதரை மிச்சத்தை நாய்க்கு வைக்கும் பழக்கத்தை நிறுத்துவது நல்லது.

கடற்கரையில் வாங்கி வந்த சுட்ட சோளம் மழைக்கு அருமைதான். மணியைத் தின்றுவிட்டுக் கட்டையை நாய்க்குப் போடாதீர்கள். கடித்து விழுங்கிய துண்டு செரிக்காது, குடலில் போய் அடைத்துக்கொள்ளும். எக்ஸ்ரேயில் கல், இரும்பு போலத் தெளிவாகவும் தெரியாது. குடித்த தண்ணீரையும் திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால் ஸ்கேன், பல நேரங்களில் அறுவை சிகிச்சை.

நனைந்து வந்த பிறகு

மழை விட்ட இடைவெளியில் பத்து நிமிடம் வெளியே கூட்டிப்போய் வந்தீர்களா? முதலில் காலர், பெல்ட்டைக் கழற்றுங்கள். அடியில் ஈரம் நின்றால் தோல் புண்ணாகும். வெதுவெதுப்பான தண்ணீரில் கால்களை மட்டும் கழுவினால் போதும், தினமும் ஷாம்பு வேண்டாம். தரை துடைக்கும் பினாயிலைக் கலக்கவே கூடாது. நாய் பாதத்தை நக்கும், அத்தனையும் வயிற்றுக்குள் போகும். துடைக்க டவலைவிடப் பழைய காட்டன் வேட்டி நன்றாக ஈரம் உறிஞ்சும். ஷீட்சு மாதிரி நீள முடி நாயைத் தேய்க்காமல் ஒற்றி எடுங்கள், இல்லாவிட்டால் சிக்குப் பிடிக்கும். விரலிடுக்கு, வால் அடி, அக்குள் இந்த மூன்றும் காய்ந்ததா என்று விரலை விட்டே பாருங்கள். கோல்டன் ரெட்ரீவருக்கு மேல்முடி காய்ந்திருக்கும், அடிமுடி ஈரமாகவே இருக்கும். அங்கே நாய் நக்க ஆரம்பித்தால் சில மணி நேரத்தில் உள்ளங்கை அளவு புண்ணாகிவிடும். ஹேர் டிரையரைக் குறைந்த சூட்டில், ஓரடி தள்ளி, ஒரே இடத்தில் நிறுத்தாமல் காட்டுங்கள். தொங்கும் காதின் உள்மடலைப் பஞ்சால் துடைக்கலாம். பட்ஸ் விடக் கூடாது.

2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலிலும் வேளச்சேரி, முடிச்சூர் பக்கம் நாள்கணக்கில் தண்ணீர் நின்றதைப் பார்த்தோம். அந்தத் தண்ணீரில் எலியின் சிறுநீரும் கலந்திருக்கும். எலிக்காய்ச்சல் கிருமி சிறு கீறல் வழியாகவும், தேங்கிய தண்ணீரைக் குடிப்பதாலும் நாய்க்குள் போகும். ஒரு வாரம், பத்து நாள் கழித்துக் காய்ச்சல், வாந்தி, சாப்பிடாமை, பிறகு கண் வெள்ளை மஞ்சளாவது, சிறுநீர் குறைவது. இது மனிதருக்கும் தொற்றும். சந்தேகம் வந்த நாயின் சிறுநீரைக் கையுறை போட்டு, ஒரு பங்கு பிளீச்சுக்குப் பத்துப் பங்கு தண்ணீர் கலந்து துடையுங்கள். தடுப்பூசியை முதல்முறை போடும்போது 2 முதல் 4 வார இடைவெளியில் இரண்டு ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஒன்று. மற்ற தடுப்பூசிகளின் பலன் நீண்ட நாள் இருந்தாலும் இதன் பலன் ஏறக்குறைய ஓராண்டுதான். மழை வந்த பிறகு ஓடாமல் ஆகஸ்ட், செப்டம்பரிலேயே முடித்துவிடுங்கள்.

தெருவில் மின் பில்லர் பெட்டி, விளக்குக் கம்பம் இவற்றின் பக்கம் தேங்கிய தண்ணீரில் நாயை இறக்காதீர்கள். ஆண் நாய் கம்பத்தைத்தான் தேடிப் போகும். தரைத்தள வீடு என்றால் மழைக்கு வரும் தேரையைக் கவனியுங்கள். கவ்விய நாய் நுரை தள்ளினால், தலையைக் கீழ்நோக்கிச் சாய்த்து, ஈரத் துணியால் ஈறையும் நாக்கையும் ஐந்து பத்து நிமிடம் திரும்பத் திரும்பத் துடைத்தெடுங்கள். வாய்க்குள் தண்ணீரை ஊற்றினால் விஷம் உள்ளே இறங்கும், மூச்சுக்குழாயிலும் போகலாம். ஈர வாடைக்கு ஷூ ரேக்கில் போடும் பாச்சை உருண்டையும், பூஜை அறைக் கற்பூரமும் நாய்க்கு நஞ்சு. இரண்டையும் மூடி போட்ட டப்பாவுக்குள், உயரத்தில் வையுங்கள்.

இடி இடிக்கும் இரவில்

இடிக்குப் பயந்து கட்டிலடியில் ஒடுங்கிய நாயை இழுத்து வெளியே எடுக்காதீர்கள். அது தேர்ந்தெடுத்த இடமே அதற்குப் பத்திரம். ஜன்னலைச் சாத்தி, திரையை இழுத்து, மின்விசிறியோ டிவியோ தொடர்ந்து ஓடட்டும். தடவிக் கொடுத்தால் பயம் பழக்கமாகிவிடும் என்று சொல்வது தவறு. பக்கத்தில் உட்கார்ந்து தாராளமாகத் தடவிக் கொடுக்கலாம். கதவைப் பிறாண்டி நகம் பெயரும் அளவுக்குப் பயம் என்றால், மருத்துவர் எழுதித் தரும் மாத்திரையை இடி தொடங்கும் முன்பே கொடுக்க வேண்டும். நடுக்கம் உச்சத்துக்குப் போன பிறகு அது சரியாக வேலை செய்யாது. இதே பருவத்தில்தான் தீபாவளியும் வரும் என்பதால், ஒரே ஆலோசனையில் இரண்டுக்கும் சேர்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஏதாவது தின்றுவிட்டது என்று தெரிந்தால், உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். ரத்தத்தில் உப்பு ஏறி மூளையைப் பாதிக்கும். தின்ற முதல் இரண்டு மணி நேரத்துக்குள் மருத்துவமனையில் ஊசி போட்டு வாந்தி எடுக்க வைப்பதுதான் பாதுகாப்பு. வலிப்போ மயக்கமோ இருந்தால் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். கிளம்புமுன் போன் செய்து நான்கு விஷயம் சொல்லுங்கள்: நாயின் எடை, தின்ற பொருள், அளவு, நேரம். வேப்பேரியில் 1903 முதல் இயங்கும் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனையை நம்பியிருக்கும் தென்சென்னைக்காரர்கள், சுரங்கப்பாதை நிரம்பினால் அங்கே போய்ச் சேர முடியாது என்பதையும் யோசித்து, தங்கள் பக்கத்திலேயே இரவில் திறந்திருக்கும் ஒரு கிளினிக்கின் எண்ணை மழைக்கு முன்பே எழுதி ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவையுங்கள். கிழிந்த பாக்கெட்டையும் கையோடு எடுத்து வாருங்கள். மிச்சமிருப்பதை எடை போட்டுப் பார்த்துத்தான், எவ்வளவு உள்ளே போயிருக்கும் என்று மருத்துவர் கணக்கிடுவார்.