நாற்பது டிகிரியில் மூன்றாவது செட்

மதுரைக்காரர்களுக்கு வெயில் விஷயத்தில் ஒரு வீம்பு உண்டு. விமான நிலையத்தில் 40 டிகிரி செல்சியஸைத் தாண்டிவிட்டது என்று செய்தியில் சொன்னால், "இதெல்லாம் ஒரு வெயிலா?" என்று துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கிளம்புகிற ஊர் இது. டென்னிஸ் கற்கும் பெண்பிள்ளைகளின் பெற்றோரிடமும் அந்த வீம்பைப் பார்க்கலாம். "அக்னி நட்சத்திரத்தில் ஆடிப் பழகியவள். எந்த ஊர் வெயிலையும் தாங்குவாள்" என்பார்கள். இதில் பாதிதான் உண்மை. மீதியைச் சென்னையில் நடக்கும் ஒரு போட்டி சொல்லிக்கொடுத்துவிடும். வெப்பமானி ஐந்தாறு டிகிரி குறைவாகக் காட்டுகிற ஊரில், மூன்றாவது செட் தொடங்கும்போது அதே பெண்ணின் கால்கள் நகர மறுக்கும்.

உடலின் வரவு செலவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 60 கிலோ எடையுள்ள ஒரு வீராங்கனை ஒற்றையர் ஆட்டத்தில் மணிக்குச் சுமார் 480 கிலோ கலோரி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். தசை அவ்வளவு சிக்கனமான எந்திரம் அல்ல. எரித்ததில் கால்வாசிகூட ஓட்டமாகவும் அடியாகவும் மாறுவதில்லை. ஏறத்தாழ 400 கிலோ கலோரி வெறும் வெப்பமாக உடலுக்குள்ளேயே தங்குகிறது. 60 கிலோ உடலை ஒரு டிகிரி சூடேற்ற 50 கிலோ கலோரி போதும். வெப்பம் வெளியேற வழியே இல்லை என்றால் ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி ஏறும். 37-இல் தொடங்கியவர் அரைமணி நேரத்துக்குள் 40-ஐத் தொட்டுவிடுவார். அதற்குமேல் மூளையும் குடலும் சிறுநீரகமும் சேதப்படத் தொடங்கும் எல்லை.

அப்படி நடக்காமல் இருப்பதற்குக் காரணம், வெப்பம் வெளியேறப் பல வாசல்கள் இருப்பது. தோலின் வெப்பநிலை சுமார் 35 டிகிரி. சுற்றியுள்ள காற்று அதைவிடக் குளிர்ச்சியாக இருந்தால், வெப்பம் தானாகவே வெளியே போகும். ஐரோப்பாவின் ஏப்ரல் மாதத்தில் இந்த வழியே பெருமளவுக்குப் போதும். மதுரையின் மே மாதத்தில் நிலைமை தலைகீழ். காற்று 40 டிகிரியில் இருக்கும்போது, வீசுகிற ஒவ்வொரு காற்றும் வெப்பத்தை உள்ளே தள்ளுகிறது. மேலே சூரியன் சுட, கீழே சிமென்ட் கோர்ட்டின் மேற்பரப்பு 50 டிகிரிக்கு மேல் கொதிக்கிறது. மிஞ்சியிருப்பது ஒரே வாசல், வியர்வை.

ஒரு லிட்டர் வியர்வை ஆவியாகும்போது ஏறத்தாழ 580 கிலோ கலோரி வெப்பத்தைத் தோலிலிருந்து எடுத்துக்கொண்டு போகிறது. நம் வீராங்கனை தன் தசை உண்டாக்கும் வெப்பத்தை விரட்ட மட்டும் மணிக்கு முக்கால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக ஆவியாக்கியாக வேண்டும். வெயிலின் பங்கையும் சேர்த்தால் ஒரு லிட்டரைத் தாண்டிவிடும். இங்கே முக்கியமான சொல் 'ஆவியாதல்'. சொட்டுச் சொட்டாகத் தரையில் விழும் வியர்வை எதையும் குளிர்விப்பதில்லை. அது வீணாய்ப் போன தண்ணீர்.

தண்ணீர்ப் பந்தலில் இருக்கும் மண்பானை இதே வேலையைத்தான் செய்கிறது. பானையின் நுண்துளைகளில் கசியும் நீர் ஆவியாகி உள்ளிருக்கும் நீரைக் குளிர்விக்கிறது. எவ்வளவு தூரம் குளிர்விக்க முடியும் என்பதற்கு ஓர் எல்லை உண்டு. அந்த எல்லைக்குப் பெயர் ஈரக்குமிழ் வெப்பநிலை. வெப்பமானியின் குமிழில் ஈரத்துணியைச் சுற்றிக் காற்றில் பிடித்தால் கிடைக்கும் எண் அது. மதுரையில் ஒரு மே மாத மதியம் 40 டிகிரி, காற்றின் ஈரப்பதம் 30 சதவீதம் என்று கொண்டால், ஈரக்குமிழ் எண் சுமார் 26. சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம் என்றால் அது 29-ஐத் தாண்டுகிறது. சூடு அதிகமான ஊரின் பானையில்தான் தண்ணீர் கூடுதலாகக் குளிரும். தோலுக்கும் அதே விதிதான்.

1950-களில் அமெரிக்க மரைன் படை வீரர்கள் பயிற்சியில் வெயில் தாக்கிச் சுருண்டு விழுந்துகொண்டிருந்தபோது, அவர்களுக்காக ஓர் அளவுகோலை உருவாக்கினார்கள். ஈரக்குமிழ் வெப்பநிலையில் 70 சதவீதம், வெயிலில் வைத்த கறுப்புக் கோளத்துக்குள் இருக்கும் வெப்பநிலையில் 20 சதவீதம், சாதாரண வெப்பமானி காட்டுவதில் 10 சதவீதம். இந்த மூன்றையும் கூட்ட வேண்டும். நாள்தோறும் செய்தியில் கேட்கிற எண்ணுக்கு இதில் பத்தில் ஒரு பங்குதான் மதிப்பு! கறுப்புக் கோளம் இரண்டு ஊரிலும் காற்றைவிட 15 டிகிரி கூடுதல் என்று வைத்து, மேலே சொன்ன எண்களைப் போட்டுப் பாருங்கள். மதுரைக்கு 33.2, சென்னைக்கு 33.7 வரும். வெப்பமானியில் ஆறு டிகிரி குறைவாக இருந்தும், உடலுக்குச் சென்னைதான் ஒரு மாற்றுக் கூடுதலான சுமை.

பெண்கள் டென்னிஸ் சங்கமான டபிள்யூ.டி.ஏ. வெயிலுக்கென்று விதி வகுத்தது 1992-இல். இந்த அளவுகோலில் 30.1-ஐத் தொட்டால், இரண்டாவது செட்டுக்கும் மூன்றாவது செட்டுக்கும் இடையே 10 நிமிட ஓய்வு கேட்கலாம். 32-ஐத் தாண்டினால் ஆட்டத்தையே நிறுத்திவைக்க இடமுண்டு. ஆண்கள் தரப்பு நெடுங்காலம் இதைக் கண்டுகொள்ளவில்லை. 2018 அமெரிக்க ஓப்பனில் ஆண்கள் வரிசையாக ஆட்டத்தைப் பாதியில் கைவிட்ட பிறகுதான், நடத்துபவர்கள் அவசரமாக அவர்களுக்கும் அந்தப் பத்து நிமிடத்தைக் கொடுத்தார்கள். இந்த எண்களோடு மதுரையின் 33.2-ஐ ஒப்பிட்டால் சங்கடமாகத்தான் இருக்கிறது. உலகத் தரப் போட்டியையே நிறுத்திவைக்கக்கூடிய வெயிலில், கோடை விடுமுறைப் பயிற்சி முகாம் என்ற பெயரில் பதின்மூன்று வயதுப் பிள்ளைகளை நாம் ஓடவிடுகிறோம். அதே ஊரில் மாலை ஏழு மணிக்கு 34 டிகிரி, 40 சதவீத ஈரப்பதம் என்றால் எண் 27-க்கும் கீழே இறங்கிவிடுகிறது. மின்விளக்குச் செலவைப் பார்த்து மாலைப் பயிற்சியைத் தவிர்ப்பவர்கள் இந்தக் கழித்தலை ஒருமுறை போட்டுப் பார்க்கலாம்.

வறண்ட வெயிலுக்கென்று ஒரு தனிச் சூது உண்டு. ரேஸ்கோர்ஸ் பக்கம் ஒரு கோர்ட்டில், நாலரை மணி வெயிலில் ஆடி முடித்து வந்த ஒரு பெண்ணைப் பயிற்சியாளர் எடை பார்க்கும் எந்திரத்தில் ஏறச் சொன்னார். தொப்பியின் விளிம்பில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. முழங்கை மடிப்பிலும் மாவு தூவியதுபோல உப்பு. கை மட்டும் காய்ந்திருந்தது.

"அவ்வளவாக வியர்க்கவே இல்லை சார்."

"வியர்க்காமலா பாப்பா ஒன்றேகால் கிலோ குறைந்தது?"

தோலுக்கு வந்த நொடியிலேயே காய்ந்துவிடுவதால், எவ்வளவு இழந்தோம் என்பதே இங்கே தெரியாது. ஆட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்ப்பதைவிடச் சிறந்த வழி இல்லை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறத்தாழ ஒரு லிட்டர் நீர். உடல் எடையில் 2 சதவீதம், அதாவது 60 கிலோ பெண்ணுக்கு 1.2 கிலோ குறைந்தாலே ஆட்டத்தில் தொய்வு தெரியத் தொடங்கும்.

அந்தத் தொய்வு இரத்தத்தில் தொடங்குகிறது. வெப்பத்தை மையத்திலிருந்து தோலுக்குக் கொண்டுவருவது இரத்தம். ஓடுகிற தசைகளுக்கும் அதே இரத்தம்தான் வேண்டும். வியர்வையாக நீர் போகப் போக இரத்தத்தின் அளவு சுருங்குகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் குறைவாகத் தள்ளுவதால், அதை ஈடுகட்ட வேகமாகத் துடிக்கிறது. முதல் செட்டில் 150 துடிப்பில் செய்த வேலைக்கு மூன்றாவது செட்டில் 170 தேவைப்படும். மூளையும் தன்னைக் காத்துக்கொள்ளத் தசைகளுக்கு அனுப்பும் உந்துதலைக் குறைக்கிறது. பார்வையாளருக்கு அது 'சோர்ந்துவிட்டாள்' என்று தெரியும். ஆடுபவருக்கோ பந்து தெரிகிறது, கால்தான் அரை எட்டு பிந்துகிறது. 2018 ஆஸ்திரேலிய ஓப்பன் பெண்கள் இறுதியாட்டத்தில் சிமோனா ஹாலெப்பும் கரோலின் வோஸ்னியாக்கியும் அந்தப் பத்து நிமிட ஓய்வை எடுத்துக்கொண்டுதான் மூன்றாவது செட்டுக்குப் போனார்கள். தோற்ற ஹாலெப் அன்றிரவே நீரிழப்புக்காக மருத்துவமனைக்குப் போக வேண்டியிருந்தது. அடுத்த ஆண்டே அந்தப் போட்டியில் காற்று, நிழல் வெப்பம், ஈரப்பதம், வெயிலின் கதிர்வீச்சு நான்கையும் அளந்து 1 முதல் 5 வரை எண் கொடுக்கும் புதிய முறை வந்தது.

பெண் உடலுக்கு இதில் சில தனிக் கணக்குகள் உண்டு. சராசரியாகப் பெண்களுக்கு ஆண்களைவிட வியர்வை குறைவு. வறண்ட சூட்டில் இது குறை. புழுக்கத்தில் குறையில்லை, ஏனென்றால் அங்கே ஆவியாகாமல் சொட்டி வீணாவதும் குறைகிறது. மாதவிடாய்ச் சுழற்சியின் பின்பாதியில் உடல் வெப்பநிலை இயல்பாகவே 0.3 முதல் 0.5 டிகிரி வரை உயர்ந்திருக்கும், வியர்வையும் அதற்கேற்பச் சற்றுத் தாமதித்துத் தொடங்கும். அரை டிகிரி சிறிதாகத் தோன்றலாம். ஏழெட்டு நிமிடத்துக்கு ஒரு டிகிரி என்ற கணக்கை நினைவில் வைத்தால் அதன் எடை புரியும். பயிற்சிக் குறிப்பேட்டில் இந்தத் தேதிகளையும் எழுதிவைக்கச் சொல்லும் பயிற்சியாளர்கள் நம் ஊரில் இன்னும் குறைவு. இதைக் கூச்சப்பட்டு ஒதுக்குவதில் அர்த்தமில்லை.

குடிப்பதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. ஒரு லிட்டர் வியர்வையோடு ஏறத்தாழ ஒரு கிராம் சோடியம் போகிறது. ஆளுக்கு ஆள் இது வெகுவாக மாறும். வெறும் தண்ணீரை மட்டும் லிட்டர் லிட்டராகக் குடித்தால், இரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போய், தலைவலி, வாந்தி, குழப்பம் என்று போய் நிற்கும். இளநீரில் பொட்டாசியம் நிறைய, சோடியம் கொஞ்சம்தான். எனவே அதை மட்டும் நம்ப முடியாது. உப்புப் போட்ட நீர்மோரும், உப்பிட்ட நீச்சத்தண்ணீரும் இந்த வேலைக்குக் கடைகளில் விற்கும் வண்ணப் பானங்களுக்குக் கொஞ்சமும் குறைந்தவை அல்ல. விளக்குத்தூண் பக்கத்து ஜிகர்தண்டா ஆட்டம் முடிந்து வென்ற பிறகு.

வெயில் பந்தையும் விடுவதில்லை. விதிப்படி 254 சென்டிமீட்டர் உயரத்திலிருந்து விடப்பட்ட பந்து 135 முதல் 147 சென்டிமீட்டர் வரை எழ வேண்டும். இந்தச் சோதனை 20 டிகிரி அறையில் செய்யப்படுவது. சூட்டில் உள்ளிருக்கும் காற்றின் அழுத்தம் கூடுவதால், பந்து தோளுக்குமேல் எகிறும். 40 டிகிரியில் வெளிக்காற்றின் அடர்த்தியும் 20 டிகிரியில் இருப்பதைவிட 6 சதவீதம் குறைவு. தடை குறைந்த பந்து கோட்டைத் தாண்டி விழும். மதுரை மதியத்தில் அடித்துப் பழகிய பெண் அதே அடியைக் குளிர்ந்த ஊரில் அடித்தால் பந்து வலைக்கு அருகிலேயே இறங்குவதற்கு இதுதான் காரணம், கையில் கோளாறு எதுவும் இல்லை.

தொழில்முறை வீராங்கனையின் ஓர் ஆண்டு என்பது சூரியனைத் துரத்திக்கொண்டே போவது. ஜனவரியில் ஆஸ்திரேலியாவின் கோடை, பிப்ரவரியில் தோகாவும் துபாயும், ஆகஸ்டில் அமெரிக்கக் கோடை. மார்ச் மாதத்தில் மட்டும் ஒரு விசித்திரமான ஜோடி வருகிறது. கலிஃபோர்னியாப் பாலைவனத்தில் இந்தியன் வெல்ஸ், அது முடிந்த கையோடு கடலோரப் புழுக்கத்தில் மயாமி. மதுரையில் ஆடிவிட்டு மறுவாரமே சென்னையில் ஆடுவதற்கு ஒப்பான மாற்றம் அது. ஒரே ஆண்டில் இரண்டையும் வென்றவர்கள் மிகச் சிலர். ஸ்டெஃபி கிராஃப் 1994-லும் 1996-லும், கிம் கிளைஸ்டர்ஸ் 2005-லும், விக்டோரியா அசரென்கா 2016-லும், இகா ஸ்வியாடெக் 2022-லும் அதைச் செய்தார்கள்.

உடல் இதற்குப் பழகும், நாள் கொடுத்தால். சூட்டில் பயிற்சி தொடங்கிய முதல் சில நாட்களிலேயே இரத்தத்தின் நீர்ப்பகுதி பெருகுகிறது. பத்துப் பதினான்கு நாட்களில் வியர்வை சீக்கிரம் தொடங்குகிறது, அதிகமாக வருகிறது, அதில் உப்பும் குறைகிறது. அந்தச் சூட்டைவிட்டு விலகினால், சில வாரங்களிலேயே எல்லாம் பழைய நிலைக்குத் திரும்பிவிடும். வறண்ட சூட்டில் பழகியது புழுக்கத்துக்கு ஓரளவு உதவும், முழுவதும் உதவாது. ஆகவே பெரிய வீராங்கனைகள் ஆஸ்திரேலிய ஓப்பன் நடக்கும் மெல்போர்னுக்கு முன்பே பிரிஸ்பேன், அடிலெய்டு என்று ஆடி உடலைப் பக்குவப்படுத்துகிறார்கள். கீழ்ப்படியில் இருப்பவருக்கு அந்த வசதி இல்லை. தொழில்முறைப் பயணத்தின் முதல் படியான சர்வதேசப் போட்டிகளில் மொத்தப் பரிசுத்தொகையே 15,000 டாலர்தான். அதையும் ஆடுகிற எல்லோரும் பங்கிட்டுக்கொள்ள வேண்டும். இதில் பத்து நாள் முன்னதாகப் போய் அறை எடுத்துத் தங்கினால், கோப்பையை வென்றாலும் கையில் மிஞ்சாது.

கைக்காசு கரையாத ஒரு வழியையும் உடலியல் ஆய்வாளர்கள் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். பயிற்சி முடிந்த சூட்டோடு, 40 டிகிரி வெந்நீரில் கழுத்தளவு அரைமணி முதல் நாற்பது நிமிடம் வரை உட்கார்ந்திருப்பது. தொடர்ந்து ஆறு நாள் செய்தாலே உடல் பழகத் தொடங்குகிறது. பெரியவர் ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும், இதய நோய், இரத்த அழுத்தம் உள்ளவர்கள் கிட்டே போகக் கூடாது. வெந்நீருக்கு மதுரையில் பஞ்சமில்லை, மே மாதத்தில் மொட்டைமாடித் தொட்டியிலிருந்து குழாயைத் திறந்தாலே கிட்டத்தட்ட அந்தச் சூட்டில்தான் வருகிறது. ஆள் உட்காரும் அளவுக்குப் பெரிய பிளாஸ்டிக் தொட்டி ஒன்று போதும்.

அந்தத் தொட்டியைக் கோர்ட் ஓரத்திலேயே போட்டுவைப்பது நல்லது. ஸ்கோரைத் தவறாகச் சொல்லி, பேச்சு குழறி, எந்தப் பக்கம் நின்று சர்வீஸ் போட வேண்டும் என்பதே மறந்து ஒரு பெண் நின்றால், அது வெறும் சோர்வு அல்ல, வெப்பத்தாக்கு. தோல் ஈரமாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம், விளையாட்டில் வரும் வெப்பத்தாக்கில் வியர்வை நிற்காமலும் இருக்கும். 108-க்கு ஒருவர் அழைக்கும்போதே மற்றவர்கள் தொட்டியில் தண்ணீரும் ஐஸ்கட்டியும் நிரப்பி, தலையைத் தாங்கிப் பிடித்தபடி அவளைக் கழுத்தளவு இறக்கிவிட வேண்டும். ஆம்புலன்ஸ் வந்து சேரும்வரை இதற்காகக் காத்திருக்கக் கூடாது.