மணலில் எல்லைக்கல்

சித்திரை மாதப் பிற்பகலில் கடற்காற்று பலமாக வீசும்போது கடலூர் தேவனாம்பட்டினம் கடற்கரையில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். கணுக்காலில் ஊசி குத்துவதுபோல மணல் அடிக்கும். முகத்தில் அவ்வளவாகப் படாது. பக்கத்தில் உட்கார்ந்து விளையாடும் குழந்தைதான் கண்ணைக் கசக்கிக்கொண்டு அழும். தூசி மிதந்து போகும். மணல் அப்படிப் போவதில்லை, தத்தித் தத்திப் போகிறது. காற்று ஒரு மணியைத் தூக்குகிறது. அது ஓரிரு சாண் எழும்பி விழுகிறது. விழுந்த வேகத்தில் இன்னும் சில மணிகளைத் தெறிக்க வைக்கிறது. அவையும் எழும்பி விழுகின்றன.

ராஜஸ்தானத்துத் தார் பாலையில் மணற்குன்றுகளை நகர்த்துவதும் இதே தத்தல்தான். பாதுகாக்கப்பட்ட பாலை நிலத்தின் எல்லையை மாற்றும் பேச்சு எழும்போதெல்லாம் எனக்கு நம்மூர் மணல்மேடுதான் நினைவுக்கு வருகிறது. அந்த விவாதங்களில் பரப்பளவுதான் அடிபடும்: இத்தனை சதுர கிலோமீட்டர் குறைகிறது, இத்தனை கூடுகிறது. வயலை விற்க அந்தக் கணக்கு போதும். மணலுக்குப் போதாது.

காய்ந்த மணல் நகரத் தொடங்க மணிக்குச் சுமார் 20 கிலோமீட்டர் வேகக் காற்று வேண்டும். அதற்கு மேல் கணக்கு வேகமாக ஏறும். காற்று கொண்டுபோகும் மணலின் அளவு தோராயமாகக் காற்று வேகத்தின் முப்படியைப் பொறுத்தது. பலத்த காற்று இரு மடங்கானால் மணல் எட்டு மடங்கு. ஆகவே ஆண்டு முழுவதும் வீசும் மெல்லிய காற்றைவிட, சில நாட்கள் அடிக்கும் பெருங்காற்றுதான் குன்றின் போக்கைத் தீர்மானிக்கிறது. காற்று வரும் பக்கம் சரிவாக ஏறும் மணல், உச்சியைத் தாண்டியதும் மறுபக்கம் சரிந்து விழும். அந்தச் சரிவு ஏறக்குறைய 33 பாகைக்கு மேல் நிற்காது. முதுகில் இருந்த மணல் இப்படி முன்னால் வந்து விழ விழ, குன்று முழுவதும் நகர்கிறது. சிறிய குன்று வேகமாகவும் பெரிய குன்று மெதுவாகவும் போகும்.

ஆண்டுக்கு 20 மீட்டர் நகரும் குன்று, 40 ஆண்டுகளில் 800 மீட்டர் போய்விடும். அதற்குள் அது பாதுகாப்பு எல்லையைக் கடந்து வெளியே போயிருக்கலாம். ஆனால் தாரின் குன்றுகளில் பெரும்பாலானவை இப்போது உறங்குபவை. புல்லும் புதரும் அவற்றைப் பிடித்து வைத்திருக்கின்றன. நகரும் குன்றுக்கு முன்னால் இடம் விட வேண்டும். உறங்கும் குன்றுக்கு மேலே உள்ள செடியைக் காக்க வேண்டும். எல்லைக்குள் எது இருக்கிறது என்று தெரியாமல் எல்லைக்கோட்டைத் தள்ளி வைப்பதில் அர்த்தமில்லை.

அதைவிடப் பெரிய கேள்வி, மணல் எங்கிருந்து வருகிறது என்பது. இதற்குப் புதுச்சேரியைவிடத் தெளிவான பாடம் எனக்குத் தெரியவில்லை. ஆண்டின் பெரும்பகுதி நம் கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்கே போகிறது. 1980களின் பிற்பகுதியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்துவாரத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கல்சுவர்கள் கட்டினார்கள். தெற்கே மணல் தேங்கியது. வடக்கே, நகரத்துக்கு முன்னால் இருந்த மணற்கரை கரைந்துபோய்ப் பாறைக்கற்கள் மட்டும் மிஞ்சின. கோட்டுக்கு வெளியே நடந்த ஒரு காரியம் கோட்டுக்குள் இருந்ததை அழித்துவிட்டது. காற்று வரும் திசையில், மணல் கிளம்பும் வறண்ட ஆற்றுப்படுகையை எல்லைக்கு வெளியே விட்டுவிட்டுக் குன்றை மட்டும் காத்தால் பாலையிலும் இதே கதைதான்.

எல்லையின் வடிவமும் முக்கியம். 10 கிலோமீட்டருக்கு 10 கிலோமீட்டர் சதுரம் ஒன்று, 2 கிலோமீட்டருக்கு 50 கிலோமீட்டர் பட்டை ஒன்று. இரண்டும் 100 சதுர கிலோமீட்டர். வண்டிச் சத்தம், வெளிச்சம், ஆடுமாடு, நாய் இவற்றின் தொல்லை ஓரத்திலிருந்து ஒரு கிலோமீட்டர் உள்ளே வரும் என்று வைத்துக்கொள்வோம். சதுரத்தில் 64 சதுர கிலோமீட்டர் அமைதியாக மிஞ்சும். பட்டையில் ஒன்றுமே மிஞ்சாது. “எடுத்த அளவுக்கு வேறிடத்தில் நிலம் சேர்த்துவிட்டோம்” என்று யாராவது சொன்னால் முதலில் வரைபடத்தைக் கேளுங்கள்.

நடந்த கதை ஒன்று. குஜராத்தின் கச்சுப் பகுதியில், வறண்ட முள்காட்டில், சிங்காரா மான்களுக்காக 1981இல் நாராயண் சரோவர் சரணாலயம் அறிவிக்கப்பட்டது. பரப்பு சுமார் 765 சதுர கிலோமீட்டர். நிலத்துக்கடியில் சுண்ணாம்புக்கல்லும் பழுப்பு நிலக்கரியும் இருந்தன. நெய்வேலியை அருகில் வைத்திருக்கும் நமக்கு இதன் பொருளை விளக்க வேண்டியதில்லை. 1995இல் மாநிலச் சட்டமன்றத் தீர்மானம் அதைச் சுமார் 444 சதுர கிலோமீட்டராகக் குறைத்தது. 2000இல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. 1972ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி சரணாலய எல்லையை மாற்ற அப்போது சட்டமன்றத் தீர்மானம் வேண்டும். 2002 திருத்தத்துக்குப் பிறகு தேசிய வனவிலங்கு வாரியத்தின் பரிந்துரை இல்லாமல் மாநில அரசு எல்லையைத் தொட முடியாது. இந்தத் திருத்தம் நல்லது என்றே நினைக்கிறேன். ஆனால் வாரியத்தின் மேசைக்கு வரும் வரைபடத்தில் மானின் வழித்தடம் வரையப்பட்டிருக்கிறதா என்பதுதான் எனக்குக் கவலை.

பறவைகளில் இது இன்னும் சிக்கல். ராஜஸ்தானின் ஜெய்சல்மேர், பார்மேர் மாவட்டங்களில் உள்ள பாலைவன தேசியப் பூங்கா 3,162 சதுர கிலோமீட்டர். பேர்தான் தேசியப் பூங்கா, சட்டப்படி அது சரணாலயம். கானமயில் என்ற பெரும்பறவைக்கு அதுதான் கடைசிப் புகலிடங்களில் முக்கியமானது. நம் தமிழ்நாட்டிலும் ஒரு காலத்தில் இருந்த பறவை அது. எடை மிகுந்தது, சட்டென்று திரும்ப முடியாது. கண்கள் பக்கவாட்டில் இருப்பதால் நேர் எதிரே உள்ள மின்கம்பி தெரிவதில்லை. எல்லைக்கு வெளியே பறந்து போய்க் கம்பியில் மோதிச் சாகிறது. அதனால் 2021இல் உச்ச நீதிமன்றம் சுமார் 99,000 சதுர கிலோமீட்டரில் மேல்நிலை மின்கம்பிகளுக்குக் கட்டுப்பாடு விதித்தது. சூரிய மின்சாரத் திட்டங்களுக்கு அது தடையாகிறது என்ற வாதத்தைக் கேட்டு, 2024 மார்ச்சில் அந்த உத்தரவை மாற்றி நிபுணர் குழுவை அமைத்தது. சரணாலயத்தின் கோடு ஓர் அங்குலம்கூட நகரவில்லை; பறவைக்கான உண்மையான எல்லை மட்டும் ஒருமுறைக்கு மேல் மாறியிருக்கிறது.

நம் ஊசுடேரியில் நடப்பதும் ஏறக்குறைய இதுதான். ஏரியின் ஒரு பாதி புதுச்சேரிக்கு, மறு பாதி தமிழ்நாட்டுக்கு. புதுச்சேரி 2008இல் தன் பக்கத்தைச் சரணாலயமாக அறிவித்தது. தமிழ்நாட்டுப் பக்கம் சில ஆண்டுகள் கழித்தே சேர்ந்தது. இடைப்பட்ட காலத்தில் நாரைகளுக்குப் பாதி ஏரியில்தான் பாதுகாப்பு.

மறுபடி கடற்கரைக்கு வருகிறேன். மணல்மேட்டில் அடப்பங்கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்திருக்கும் இடத்தைக் கவனியுங்கள். தத்தி வரும் மணல் அவற்றில் சிக்கி விழுகிறது, மேடு வளர்கிறது. கார்த்திகைப் புயல் வந்தால் அலை கொடியை அறுத்து மேட்டையும் கொஞ்சம் தின்றுவிடும். கோடையில் கொடி மீண்டும் கடலை நோக்கி இறங்கும். புயலுக்குப் பின் கொடி நின்ற இடத்துக்கும் கோடையில் அது எட்டிய இடத்துக்கும் நடுவே இருப்பது வெறும் மணல் என்று சர்வே வரைபடம் சொல்லும். அடுத்த புயலில் மேடு இழக்கப்போவது அந்த மணலைத்தான், திரும்ப வளர எடுத்துக்கொள்வதும் அதைத்தான். அந்தப் பட்டையும் உள்ளே வரும்படி எல்லைக்கோட்டைப் போடுங்கள்.