டோஸ்ட் வராத அரிசி ஆலை

பரந்தன் பக்கத்து அரிசி ஆலை ஒன்றுக்கு 2011இல் எம்எஃப்சியில் (விண்டோஸ் மென்பொருள் எழுத மைக்ரோசாஃப்ட் தந்த பழைய சி பிளஸ் பிளஸ் நூலகம்) எழுதிய நிறுவைக் கணக்கு மென்பொருளை இன்றும் நான்தான் பார்த்துக்கொள்கிறேன். காலபோக நெல் வரும் நாட்களில் உழவு இயந்திரங்கள் ரோட்டு வரைக்கும் நிற்கும். அந்த அவசரத்தில் தராசின் கேபிள் கழன்றால் திரை நடுவில் ஒரு மெசேஜ் பாக்ஸ் வரும். கிளாக்கர் அண்ணை நிறையை அடித்த கையோடு என்டரைத் தட்டுவார். பெட்டி வந்ததும் தெரியாது, போனதும் தெரியாது.

சரி, விண்டோஸ் 8உடன் வந்த டோஸ்ட் அறிவிப்பை, அதாவது திரை மூலையில் எட்டிப்பார்க்கும் சிறு பெட்டியை, போட்டுவிடலாம் என்று நினைத்தேன். டோஸ்ட்டைத் தரும் விண்டோஸ் ரன்டைம் வகுப்புகளுக்கு அடியில் இருப்பது நமக்குப் பழக்கமான காம்தான் (மென்பொருள் பாகங்கள் ஒன்றையொன்று கூப்பிடும் பழைய விண்டோஸ் முறை). பழைய சி பிளஸ் பிளஸிலிருந்து நேராகக் கூப்பிடலாம், எதையும் திருப்பி எழுதத் தேவையில்லை. வீட்டில் அழகாக வந்தது.

ஆலையில் ஒன்றும் வரவில்லை. பிழைக் குறியீடும் இல்லை. டோஸ்ட்டைக் காட்டச் சொல்லும் ஷோ அழைப்பு வெற்றி என்றே சொன்னது. இரண்டு பின்னேரம் போனது. வீட்டில் இன்ஸ்டாலரால் நிறுவியிருந்தேன். ஆலையில் வழக்கம்போல எக்ஸியைப் பென்டிரைவில் கொண்டுபோய் டி டிரைவில் போட்டிருந்தேன். பழைய டெஸ்க்டாப் மென்பொருளுக்கு ஸ்டார்ட் மெனுவில் ஒரு ஷார்ட்கட் வேண்டும். அதில் ஆப் யூசர் மாடல் ஐடி, அதாவது விண்டோஸ் அந்த மென்பொருளை அடையாளம் காணும் பெயர், பதிந்திருக்க வேண்டும். டோஸ்ட்டை அனுப்பும் நோட்டிஃபையரை உருவாக்கும்போதும் அதே ஐடியையே கொடுக்க வேண்டும். இன்ஸ்டாலர் இதைச் செய்துவிடும், பென்டிரைவ் இதில் எதையும் செய்யாது. இப்போது மென்பொருளே தொடங்கும்போது ஷார்ட்கட் இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் உருவாக்கிக்கொள்கிறது. பயனர் அறிவிப்பை நிறுத்தி வைத்திருக்கிறாரா என்பதை நோட்டிஃபையரின் செட்டிங் பண்பில் பார்க்கலாம். டோஸ்ட் காட்டப்படாமல் போனால் வரும் ஃபெயில்டு நிகழ்வையும் கட்டாயம் பிடியுங்கள். நான் பிடிக்காமல் விட்டுத்தான் இவ்வளவு அலைச்சல்.

அப்புறம், டோஸ்ட்டின் நிகழ்வுகள் வேறு திரெட்டில் (மென்பொருளுக்குள் பக்கத்தில் ஓடும் தனி வேலைத் தொடர்) வரும். அங்கிருந்தே நிறுவைப் பட்டியலைத் தொட்டேன், மென்பொருள் விழுந்தது. நிகழ்வைப் போஸ்ட்மெசேஜ் மூலம் பிரதான ஜன்னலுக்குச் செய்தியாக அனுப்பிவிட்டால் போதும்.

களஞ்சிய அறையில் இன்னும் ஒரு விண்டோஸ் 7 ஓடுகிறது (2020 ஜனவரியோடு ஆதரவு முடிந்தது, ஆலைக்கு அது பொருட்டில்லை). ரன்டைமின் டிஎல்எல் கோப்பு இல்லையென்று மென்பொருள் அங்கே திறக்கவே மறுத்தது. ரன்டைம் அழைப்புகளை, ஓடும்போது டிஎல்எல்லைத் தேடி ஏற்றும் லோட்லைப்ரரி வழியாக மாற்றி, கிடைக்காவிட்டால் டாஸ்க்பார் மூலையில் வரும் பழைய பலூன் அறிவிப்பு வரும்படி வைத்தேன்.

"மில் ஓடேக்க உந்தச் சத்தம் கேக்காது தம்பி, திரும்பிப் பாக்கிறதுக்குள்ள மறைஞ்சிடுது" என்றார் அண்ணை. சாதாரண டோஸ்ட் சில விநாடிகள்தான் நிற்கும். கேபிள் எச்சரிக்கையை மட்டும், தானாக மறையாத ரிமைண்டர் வகையாக்கி ஒரு பொத்தானும் வைத்தேன். பொத்தான் இல்லாவிட்டால் விண்டோஸ் அதை ரிமைண்டராக எடுக்காது. இப்போது அவர் மவுஸைத் தொடும்வரை மூலையிலேயே நிற்கிறது.