சும்மா கிடக்கும் லைட்டைத்தான் செல் தின்கிறது

கோபிசெட்டிபாளையத்தில் இருபது வருடத்துக்கு மேலாக எலக்ட்ரானிக்ஸ் சர்வீஸ் கடை வைத்திருக்கிறேன். போன மாதம் ஒரு நாள் காலையில் சாமி படத்துக்கு ஊதுபத்தி பொருத்திக்கொண்டிருக்கும்போதே ஒரு பெரியவர் வந்து நின்றார். கீழ்பவானி வாய்க்கால் பாசனத்தில் தோட்டம். கையில் மூன்று கட்டை பேட்டரி லைட்.

“ஏனுங்க தம்பி, ராத்திரி முறைத் தண்ணி. மடை திருப்பப் போனேன். பாதி வரப்புல லைட்டு பொட்டுனு போயிருச்சு. வெறும் இருட்டுல தட்டித் தடவி சாளைக்கு வந்து சேந்தனுங்க.”

கட்டுவிரியன் இரவில்தான் நடமாடும். வரப்பில் நடக்கிறவருக்கு லைட் எரிவதும் எரியாததும் உயிர் விஷயம். அதனால்தான் லைட்டைக் கெடுக்கும் செல் கசிவைப் பற்றி உட்கார்ந்து எழுதுகிறேன்.

அந்த லைட்டின் பின்மூடி திரும்பவே இல்லை. ரப்பர் துணியைச் சுற்றி, மெல்லத் தட்டி, கால் மணி நேரம் போராடிய பிறகு கழன்றது. மூடியில் இருந்த ஸ்பிரிங் கையோடு உதிர்ந்து வந்தது. பாதி சுருள் பச்சை, மீதி கருப்பு. கடைசி செல்லின் அடிப்பக்கம் முழுக்க வெள்ளைப் பொடி, சுவரில் உப்பு பூத்த மாதிரி. விளக்கை நோக்கிக் குழாய்க்குள் பார்த்தால் அலுமினியத்தில் அம்மைத் தழும்பு போலக் குழி குழியாக இருந்தது. ஒரு செல் உள்ளேயே ஒட்டிக்கொண்டு வர மறுத்தது.

“மூணையும் ஒண்ணாப் போட்டீங்களா?” என்று கேட்டேன்.

“ரெண்டு புதுசுங்க. ஒண்ணு பழசு, ரிமோட்டு செல்லோட சேத்து எப்பவோ வாங்குன கட்டை, வூட்ல கெடந்துச்சு. அதுவும் நல்லாத்தான் எரிஞ்சுது.”

சரி, காரணம் கிடைத்துவிட்டது.

அல்கலைன் செல்லுக்குள் துத்தநாகத் தூளும் மாங்கனீசு டை ஆக்சைடும் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே மின்சாரம் ஓட வழி செய்வது பொட்டாசியம் ஹைட்ராக்சைடு என்கிற கடுமையான காரம். செல் சும்மா இருந்தாலும் துத்தநாகம் கொஞ்சம் கொஞ்சமாக அரித்துக்கொண்டே இருக்கும். அப்போது ஹைட்ரஜன் வாயு உண்டாகும். செல் தீர்ந்த பிறகும் அதை உறிஞ்சிக்கொண்டே இருந்தால் வாயு இன்னும் வேகமாகச் சேரும். வெளியே இருப்பது இரும்புக் கூடு, வாயு போக இடமில்லை. வெடிக்காமல் இருக்க வேண்டும் என்பதற்காகவே மைனஸ் பக்கத்து பிளாஸ்டிக் அடைப்பில் ஓர் இடத்தை வேண்டுமென்றே மெல்லிசாக விட்டிருப்பார்கள். அழுத்தம் கூடினால் அது கிழியும். வாயுவோடு காரமும் வெளியே வரும். அதனால்தான் கசிவு பெரும்பாலும் தட்டையான மைனஸ் பக்கத்தில் தொடங்குகிறது.

வெளியே வந்த காரம் காற்றிலுள்ள கார்பன் டை ஆக்சைடோடு சேர்ந்து பொட்டாசியம் கார்பனேட் ஆகிறது. நாம் பார்க்கும் வெள்ளைப் பொடி அதுதான். பொடியாகக் காய்ந்துவிட்டதே, இனி ஒன்றும் செய்யாது என்று நினைக்க வேண்டாம். அடியில் ஈரமாக இன்னும் காரம் இருக்கும், அது அலுமினியத்தைக் கரைக்கும்.

முன்பெல்லாம் இந்த வாயுவை அடக்கத் துத்தநாகத்தோடு பாதரசம் சேர்த்தார்கள். மண்ணுக்கும் தண்ணீருக்கும் பாதரசம் விஷம் என்பதால் 1990களில் அதைக் கைவிட்டார்கள். அமெரிக்காவில் 1996இல் அதற்கென்று சட்டமே வந்தது. அது சரியான முடிவு. ஆனால் அதன் பிறகு செல்லைக் கவனிக்கும் பொறுப்பு நம் கைக்கு வந்துவிட்டது.

பழசும் புதுசும் கலந்து போட்டால் என்ன ஆகிறது என்று சொல்கிறேன். காங்கேயம் காளையோடு கன்றுக்குட்டியை ஒரே நுகத்தில் பூட்டுவது மாதிரிதான். காளை நிற்காது, கன்று விழுந்தாலும் இழுத்துக்கொண்டு போகும். லைட்டில் செல்கள் வரிசையாக நிற்கின்றன, ஒரே மின்சாரம் மூன்றின் வழியாகவும் போயாக வேண்டும். பழைய செல் முதலில் தீர்ந்துவிடும். மற்ற இரண்டும் அதன் வழியாக மின்சாரத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். ஒரு கட்டத்தில் அந்தச் செல்லின் பிளஸ், மைனஸே தலைகீழாக மாறும். உள்ளே வாயு மளமளவென்று சேர்ந்து அடைப்பு கிழியும். பெரியவர் லைட்டில் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருந்தது அந்தப் பழைய செல்தான்.

எல்இடி வந்த பிறகு இது கூடியிருக்கிறது என்பது என் அனுபவம். குண்டு பல்பு இருந்த காலத்தில் வெளிச்சம் மஞ்சளானதுமே செல்லை மாற்றிவிடுவோம். எல்இடி மங்கலாக எரிந்துகொண்டே இருக்கும், நாமும் ‘இன்னும் எரியுதே’ என்று கடைசிச் சொட்டு வரை பிழிகிறோம். இன்னொன்று, தொட்டால் எரியும் பட்டன் வைத்த லைட்டுகள் அணைத்த பிறகும் துளி மின்சாரம் குடித்துக்கொண்டிருக்கும். ரிமோட், பிரஷர் பார்க்கும் மெஷின், எடை மெஷின், குழந்தைகளின் பாட்டுப் பொம்மை எல்லாவற்றுக்கும் இதே கதைதான். கடைக்கு வருவதில் பெரும்பாலானவை தினமும் உபயோகித்தவை அல்ல. பீரோவில், பரணில், ஸ்கூட்டர் டிக்கியில் மாதக்கணக்காகக் கிடந்தவை. சித்திரை வெயிலில் தகரக் கூரைக்குக் கீழே கிடந்தால் இன்னும் மோசம், சூடு கூடக் கூட உள்ளே அரிப்பும் வேகமாகும்.

அதனாலேயே வெயிலில் செல்லைக் காயவைக்கும் பழக்கத்தை விட்டுவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நம் பக்கம் திண்ணையில் வரிசையாக வைத்திருப்பார்கள். சூட்டில் கொஞ்ச நேரம் உயிர் வந்த மாதிரி எரியும், உண்மைதான். கூடவே கசிவையும் அழைத்து வரும். பல்லால் கடித்து நெளிப்பது அதைவிட ஆபத்து.

இனி சுத்தம் செய்வது. இங்கேதான் நிறையப் பேர் தவறுகிறார்கள், வினிகர் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று கேள்விப்பட்டுச் செய்துவிட்டு வருகிறார்கள். நம் வீடுகளில் இருப்பது இரண்டு வகைச் செல். ஒன்று அல்கலைன். இன்னொன்று விலை குறைந்த சாதாரணச் செல், அதாவது ஜிங்க் கார்பன். சுவர்க் கடிகாரத்திலும் ரிமோட்டிலும் பெரும்பாலும் இதுதான். இதில் துத்தநாகமே கூடு. மின்சாரம் கொடுக்கக் கொடுக்க அந்தக் கூடே கரைந்து ஓட்டை விழும். இதிலிருந்து கசிவது காரம் அல்ல, அமிலத் தன்மை உள்ளது. கலங்கலாக, பிசுபிசுவென்று, துருவோடு சேர்ந்து பழுப்பாக இருக்கும். அமிலத்தின் மேல் வினிகர் என்ற அமிலத்தையே ஊற்றினால் என்ன பயன்?

அடையாளம் சுலபம். செல்லின் மேலே எல்ஆர்6, எல்ஆர்03, எல்ஆர்20 என்று ‘எல்’ எழுத்தோடு இருந்தால் அல்கலைன். வெறும் ஆர்6, ஆர்03, ஆர்20 என்றால் சாதாரணச் செல். இரண்டையும் கையில் வைத்தாலே அல்கலைன் கனமாக இருப்பது தெரியும்.

அல்கலைன் கசிவுக்கு வினிகர் அல்லது எலுமிச்சைச் சாறு. சாதாரணச் செல்லின் கசிவுக்கு ஆப்ப சோடாவைத் தண்ணீரில் குழைத்துக்கொள்ளுங்கள். எதுவானாலும் ஊற்றக் கூடாது. காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டு, அந்த இடத்தில் மட்டும் வையுங்கள். நுரைக்கும், பயப்பட வேண்டாம். நுரை அடங்கியதும் துடைத்து, திரும்பவும் தொட்டு வையுங்கள். நுரை நின்ற பிறகு தண்ணீரில் நனைத்துப் பிழிந்த குச்சியால் துடைக்க வேண்டும், இல்லாவிட்டால் மிச்சமிருக்கும் வினிகரே அரிக்க ஆரம்பிக்கும். கடைசியாக ஐசோபுரோபைல் ஆல்கஹாலால் ஒரு துடைப்பு. பிறகு நிழலில் ஒரு நாள் திறந்தே வையுங்கள். தகடு கருத்திருந்தால் நைஸ் உப்புத்தாளால் லேசாக ஒரு இழுப்பு போதும். அழுத்தித் தேய்த்தால் மேலிருக்கும் நிக்கல் பூச்சு போய் அப்புறம் துருதான் பிடிக்கும். தேங்காய் எண்ணெய் விடுகிறவர்கள் இருக்கிறார்கள், வேண்டாம்.

தொடங்கும் முன் ஒரு விஷயம். பொடியைப் பார்த்ததும் வாயால் ஊதுவது நம் எல்லோருக்கும் கை வந்த பழக்கம். தயவுசெய்து ஊதாதீர்கள். பொடி நேராகக் கண்ணுக்குள் போகும். அமிலத்தைவிடக் காரம் கண்ணில் ஆழமாக இறங்கும். பட்டுவிட்டால் குழாயைத் திறந்து ஓடும் தண்ணீரில் பதினைந்து, இருபது நிமிடம் விடாமல் கழுவிவிட்டு, அங்கிருந்து நேராகக் கண் ஆஸ்பத்திரிக்குப் போங்கள். விரலில் பட்டால் சோப்பு தொட்ட மாதிரி வழுக்கும். நம் தோலின் கொழுப்பையே அந்தக் காரம் சோப்பாக்கிக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். உடனே கழுவுங்கள். கையுறை இல்லாவிட்டால் பிளாஸ்டிக் பையையாவது மாட்டிக்கொண்டு செய்யுங்கள், குழந்தைகளை அந்தப் பக்கம் விடாதீர்கள்.

போன தீபாவளிக்கு முன்னால் ஓர் அமுச்சி (பாட்டி) பிரஷர் மெஷின் கொண்டுவந்தார். “ஏங்கண்ணு, பையன் வாங்கிக் குடுத்தது, வீணாப் போச்சா?” என்றார். தகடுகளை வீட்டிலேயே சுத்தமாகத் துடைத்திருந்தார்கள், பளபளவென்று இருந்தது. ஆனாலும் ஓடவில்லை. திறந்து மைனஸ் ஒயரின் தோலைச் சீவினேன். உள்ளே செம்பு கரிக்கட்டையாக இருந்தது. ஈயம் ஒட்டவே இல்லை. காரம் ஒயரின் தோலுக்குள்ளேயே, விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல ஏறியிருந்தது. இரண்டு விரற்கடை தள்ளி வெட்டிப் பார்த்தேன், அங்கேயும் கருப்பு. ஒயரை முழுசாக மாற்றினேன், போர்டு வரை போகாததால் பிழைத்தது. போர்டுக்குப் போயிருந்தால் கஷ்டம். தகடு சுத்தமாக இருந்தும் ஓடவில்லை என்றால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், ஒயரை ஒரு முறை பார்க்கச் சொல்லுங்கள்.

வராமல் தடுக்க நான் சொல்வது இவ்வளவுதான்: ஒரு மாதத்துக்குத் தொடப்போவதில்லை என்று தெரிந்தால் செல்லைக் கழற்றி வெளியே வையுங்கள். மாற்றும்போது எல்லாவற்றையும் ஒரே நேரத்தில், ஒரே கம்பெனி, ஒரே வகையாக மாற்றுங்கள். கழற்றிய செல்லைச் சில்லறை, சாவியோடு பையில் போடாதீர்கள், பிளஸும் மைனஸும் அவற்றின் வழியாகச் சேர்ந்து ஷார்ட் ஆகிச் சூடாகும். கடிகாரம் நின்றால் அன்றைக்கே செல்லை எடுத்துவிடுங்கள். அல்கலைனையோ சாதாரணச் செல்லையோ சார்ஜரில் போடவே கூடாது.

தினமும் எடுக்கும் லைட்டுக்கு நிக்கல் மெட்டல் ஹைட்ரைடு ரீசார்ஜ் செல் வாங்குங்கள் என்பேன். 1.5 வோல்ட்டுக்குப் பதில் 1.2தான் என்றாலும் பெரும்பாலான லைட்டுகள் நன்றாகவே எரியும், நூற்றுக்கணக்கான முறை சார்ஜ் ஏற்றலாம். கசிவது அபூர்வம்.

தீர்ந்த செல்லை அடுப்பிலோ குப்பை எரிக்கும் தீயிலோ போடாதீர்கள், வெடிக்கும். சாணிக் குப்பையில் எறிவதும் கூடாது. அந்த எரு நாளைக்கு நம் மஞ்சள் காட்டுக்குத்தான் போகும். 2022ஆம் ஆண்டுப் பேட்டரிக் கழிவு விதிகள், பழைய பேட்டரிகளைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பைத் தயாரிப்பாளர்கள் மேலேயே வைத்திருக்கின்றன. அந்த ஏற்பாடு உங்கள் ஊருக்கு வரும்வரை ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் தனியாகச் சேர்த்து மின்கழிவு எடுப்பவர்களிடம் கொடுங்கள். என் கடை மேஜையிலும் ஒரு டப்பா இருக்கிறது, போட்டுவிட்டுப் போகலாம்.

பெரியவரின் லைட்டுக்கு வருகிறேன். ஒட்டிக்கொண்டிருந்த செல்லைச் சுற்றி வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டு, இரவு முழுக்கத் தலைகீழாக நிறுத்தி, காலையில் மரக்கட்டையில் தட்டி எடுத்தேன். புது ஸ்பிரிங் போட்டேன். குழாயில் விழுந்த குழிகளை ஒன்றும் செய்ய முடியவில்லை. எரிவதற்கு அது தடையில்லை. புதிதாக வாங்கிய மூன்று கட்டையையும் லைட்டில் போடாமல் தனியாகத் துண்டில் முடிந்துகொண்டார்.

“முறைக்கு முந்தின நாள் போட்டுக்கறனுங்க. மத்த நாள்ல அம்மாவாசைக்கு அம்மாவாசை மூடியைத் தெறந்து பாத்துப்போடறேன்” என்றவர், வண்டி ஏறும் முன் திரும்பி வந்து, “அந்த ரிமோட்டையும் கொண்டாறணுமாட்ட இருக்குதுங்க” என்றார்.